மாங்காட்டுக் கொட்டகைக்குப் போய்வந்தேன்

எனக்கு யாரையும் சட்டுனு நம்ப வராது. பாரிவாக்கத்துல எங்க நிலத்துல பாதிய வேலி கட்டி, கிளிமூக்கு விசிறிவால் கோழிங்கள மேய விட்டு, முட்டைய மிஷின்ல வச்சு குஞ்சு எடுத்து விக்கிறேன். சுத்தமான ஜாதிக்கோழி கிடைக்கிறது குதிரைக்கொம்பு. அதனால வர்றவன் போறவன் எல்லார் மேலயும் எனக்கு ஒரு கண்ணு. குஞ்சு வாங்க வர்றவங்க கேட்டுக்கு வெளியவே நிக்கணும். நோய் செருப்புல வரும், கையில வரும். என் வீட்டுக்காரரே மருந்துத் தண்ணியில கால நனைச்சாத்தான் உள்ள.

அப்படிக் காத்தும் என் மயில் கலர் சேவல் ஒருநாள் காணாமப்போச்சு. மூணு வருஷமா பாத்துப் பாத்து சேத்த ஜாதி. அது இல்லன்னா இருபது பெட்டைங்க போடுற முட்டையில ஒரு குஞ்சு வராது. எனக்கு சோறு எறங்கல. யார் தூக்கியிருப்பான்னு யோசிக்க இன்னா கீது? மாங்காட்டுத் தம்பிதான்.

ஐ.டி. கம்பெனி வேலை, சொந்த ஊர் தேனிப்பக்கம். என்கிட்டயே முட்டை வாங்கிப்போய் வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை போட்டு வளக்கறான். வாய் நிறைய அக்கா அக்காம்பான். இவ்ளோ மரியாதை எதுக்குன்னு எனக்கு அப்பவே உறுத்தும்.

சேவல் போன மூணாம் நாள் கோழிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போடறான்: "எங்கிட்ட வெள்ளைக்கழிச்சல் வந்திருச்சு. தயவுசெஞ்சு யாரும் இந்தப் பக்கம் வராதீங்க." அடேங்கப்பா! எவனாவது தன் கோழிக்கு நோய்னு தானே ஊருக்குச் சொல்வானா? வியாபாரம் படுத்துடாது? என் சேவல ஒளிச்சு வச்சுட்டு, யாரும் எட்டிப் பாக்காம இருக்க போடுற டிராமான்னு பட்டுச்சு.

அவன் ஆபீஸ் போற நேரமா பாத்து, வீட்டுக்காரர்கிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன். கொட்டகைக்குப் பூட்டு இல்ல. அதுவே சந்தேகமா இருந்துச்சு. ஒவ்வொரு சேவலா தூக்கி, கால்ல நான் போட்ட வளையம் இருக்கான்னு பாத்தேன். எல்லாம் கண்ணச் சொருகிக்கினு தொவண்டு கெடந்துச்சு. என்னத்தையோ குடுத்து மயக்கி வச்சிருக்கான், கில்லாடின்னு நெனச்சேன்! என் சேவல் அங்க இல்ல. வேற எங்கயோ மாத்திட்டான்னு திட்டிக்கினே வந்து, அந்த ஆத்திரத்துல நேரா உள்ள போய் என் கோழிங்களுக்குத் தீனி போட்டேன். செருப்பக் கழட்டல, கையக் கழுவல.

சாயந்தரம் வீட்டுக்காரர் முள்ளுப்புதர்லேருந்து றெக்கையும் வளையமுமா எடுத்தாந்தார். கீரிப்புள்ள வேலை.

அஞ்சாம் நாள் ஒரு பெட்டை கழுத்தத் திருப்பிக்கினு சுத்துச்சு. அப்பக்கூட தீவனக்காரன் மேலதான் சந்தேகப்பட்டேன். வெள்ளையும் பச்சையுமா கழிய ஆரம்பிச்சப்புறம்தான் குனிஞ்சு என் செருப்பப் பாத்தேன். இருபதுல மூணு மிஞ்சிச்சு. குழி தோண்டிக்கினே வீட்டுக்காரர், "அன்னிக்கு நீ கோயிலுக்குத்தான் போனியா?"ன்னார். நான் சுண்ணாம்பு மூட்டைய எடுக்கப் போயிட்டேன்.

மறுநாள் விஷயம் தெரிஞ்சு மாங்காட்டுத் தம்பி போன் பண்ணான். அவன்கிட்ட நாலு சேவல் பொழச்சிருக்காம். நல்லாத் தேறினதும் ஒண்ணை எனக்குத் தர்றானாம். அப்புறம், "நான் இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே குரூப்புல சொல்லியிருந்தா உங்க கோழிங்க பொழச்சிருக்குமோக்கா?"ன்னு கேட்டான்.

"காக்கா கொண்டாந்திருக்கும்பா. நீ இன்னா பண்ணுவே"ன்னேன்.

"தேங்க்ஸ்க்கா"ன்னான்.