நான் வாங்கிக்கொண்ட சீப்பு

பச்சை பிளாஸ்டிக் சீப்பு. ஓரத்தில் இரண்டு பல் கிடையாது. என் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே கிடக்கிறது. இது பாப்பாவுடையது. தெலுங்கு பேசுகிற ஊரான நாச்சாரத்தில் நான் ஆறு வருஷம் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்தின் ஒரே மகள் அவள். அவள் அப்பாவை நான் சார் என்பேன், அம்மாவை மேடம் என்பேன். காலை ஏழு மணிக்குள் மேடத்தை ஆபீஸ் வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். சாருக்கு ஃபேக்டரியில் மதிய ஷிப்ட். ஆகவே காலை முழுக்கப் பாப்பா அவர் கையில்தான். குளிப்பாட்டுவார், தோசையைப் பிட்டு ஊட்டுவார், அப்புறம் தரையில் உட்கார்ந்து, அவளை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி இரட்டைப் பின்னல் போடுவார். எண்ணெய் வேண்டாம் என்பதை அவள் "வத்து, வத்து" என்று தெலுங்கில்தான் சொல்லுவாள். "வத்துன்னா பேன் வரும்டி தாயே" என்பார் சார். கோணாத வகிடு. எனக்கே அப்படி வராது.

ஆனால் காலிங்பெல் அடித்தால் நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொள்வேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. ஆம்பளை தலை பின்னுவதை அடுத்த வீட்டுக்காரர்கள் பார்க்கக் கூடாது என்று எனக்கே ஒரு நினைப்பு. அவரும் எழுந்து பேப்பரை எடுத்துக்கொள்வார். வந்தவர்கள் போனதும், பாதிப் பின்னலோடு சீப்பைத் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

ஒரு நாள் சாயங்காலம், சார் ஷிப்டில் இருக்கும்போது, மேடமும் அவர் தம்பியும் காரில் வந்து இறங்கினார்கள். பாப்பா அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். பத்தே நிமிஷம். அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்ததே நான்தான். ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கும் மேடத்தின் அம்மா வீட்டுக்கு, ரெண்டு நாளைக்கு என்று நினைத்தேன். சீப்பு மட்டும் விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் மேடம் போனையே எடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. மேடத்தைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். புருஷனோடு வாழப் பிடிக்கவில்லை என்றால் போகட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் அலமாரியைக் காலி செய்வதுபோலப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார்களே, அதைத்தான் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

பிள்ளை தன்னோடு இருக்கட்டும் என்று சார் கோர்ட்டில் கேட்டார். அவருக்கு இருந்த ஒரே சாட்சி நான். "நடந்தத நடந்தபடி சொல்லுங்கம்மா, போதும்" என்றார். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான். வராந்தாவில் காத்திருந்தோம். சாருக்குத் துணையாக ஃபேக்டரி ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மேடத்தின் தம்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாமா, ஜடை பின்றதுக்கு எங்கயோ ஆள் எடுக்கிறாங்களாம், எழுதிப் போட்டீங்களா?" என்றான். ஃபேக்டரி ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். சார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதே என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார், ஊட்டுவது யார், தலை பின்னுவது யார் என்று கோர்ட்டில் விசாரிக்கிற அதிகாரி அம்மா தெலுங்கில் கேட்டார். கதவு திறந்தே கிடந்தது. வெளியே நிற்கிறவர்கள் எனக்குத் தெரிந்தார்கள். என் அரைகுறைத் தெலுங்கில், அதெல்லாம் மேடமும் நானும் பார்ப்பது, சார் ஆம்பளை, அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றேன். எனக்குள் பழையபடி காலிங்பெல் அடித்தது, சீப்பை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் சத்தமாகப் பேசினேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். மறு கேள்வி கேட்கவில்லை. படித்தவர்தானே, கேட்டிருக்கலாமே. அப்பன் என்றால் இப்படித்தான் என்று எனக்கு முன்னாலேயே அவர் முடிவு கட்டியிருந்தார்போல.

பாப்பா அம்மாவிடம். சாருக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரண்டிரண்டு மணி நேரம், கோர்ட்டு அறை ஒன்றில். பெற்ற பிள்ளைக்கு விருந்தாளி. மறுபடி போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். இனி மாற்றிச் சொன்னால் யாரோ சொல்லிக் கொடுத்ததாகத்தான் நினைப்பார்கள் என்றுவிட்டார் வக்கீல். சார் என்னைத் திட்டவே இல்லை. "என் மானத்தக் காப்பாத்தத்தானம்மா அப்படிச் சொன்னீங்க, விடுங்க" என்றார். திட்டியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பாப்பாவின் முடியைக் காதளவுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். சட்டைப் பைக்குப் போன சாரின் கை அப்படியே நின்றது. திரும்பி வரும்போது ஆட்டோவில் இந்தச் சீப்பை என் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்குங்கம்மா."

இப்போது பாப்பா தன் தலையைத் தானே சீவுகிற வயதுக்கு வந்திருப்பாள். சாட்சி சொல்ல என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள். எந்த மானம், யாருடைய மானம் என்று இந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. இருந்தாலும் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இங்கே எழுதி வைக்கிறேன். குளிப்பாட்டியது அவள் அப்பா. ஊட்டியது அவள் அப்பா. தலை பின்னியது அவள் அப்பா. சீப்பு அவருடைய கையில்தான் இருந்தது. நான்தான் வாங்கிக்கொண்டேன்.