பின்னால் போகாத கூறைப்புடவையும் ஒரு பிரீமியம் காரும்

காஞ்சிபுரத்திலிருந்து திருமுக்கூடல் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், மடியில் கூறைப்புடவையை வைத்துக்கொண்டு, மக்கர் செய்கிற காரில், முகூர்த்தத்துக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்து பார்க்கட்டும். நான் போய்ச் சேர்ந்தேன். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணம் என் அண்ணன் மகன் செந்திலுக்கு. பெண் யமுனா, திருமுக்கூடலில் விவசாயக் குடும்பம். இருவரும் தாங்களே பார்த்து முடிவு செய்துகொண்டது. அண்ணனைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. கூறையை மாப்பிள்ளையின் அத்தை கொண்டுவந்து கொடுப்பது எங்கள் வழக்கம். அதன் பாவுக்கும் ஊடைக்குமான பட்டு நூலுக்குச் சாயம் போட்டவளே நான்தான்; எங்களுக்குப் பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை இருக்கிறது. அந்தப் புடவை நேரத்துக்கு வரவில்லை என்றால், 'மனசில்லாமல்தானே வந்தார்கள்' என்று பெண் வீட்டில் நினைப்பார்கள். அந்த ஒரு பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை.

காலை 6.20, காமாட்சியம்மன் கோயில் வாசல். அம்மன் காலடியில் வைத்து எடுத்த புடவை, குங்குமமும் பூவுமாகத் தாம்பாளத்தில் என் கைக்கு வந்தது. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. எத்தனையோ புடவைகளுக்குச் சாயம் போட்டிருக்கிறேன், இந்த அரக்கு மாதிரி ஒன்று விழுந்ததில்லை. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

வெளியே காத்திருந்தது செந்திலின் நண்பன் நரேனின் கார். சென்னைப் பையன். வெளிநாட்டுக் கார், பழையதாக வாங்கியது, ஆனால் புதுப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறான். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருந்தான். "ஆன்ட்டி, கூறை என் வண்டியிலதான் போவணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தான். நான் பின்னால் ஏறினேன். என் வீட்டுக்காரர் சபாபதி முன்னால் ஏறி, கதவைச் சாத்தியதும் சட்டத்தைச் சொன்னார்.

"நரேனு, ஒண்ணு கேட்டுக்கோபா. கூறை ஏறின வண்டி பின்னால போவக் கூடாது. ரிவர்ஸ் எடுக்கவே எடுக்காத."

"ஒரு அடி கூடவா அங்கிள்?"

"ஒரு அங்குலம் கூட."

இது அவர் வீட்டு வழக்கம். அவர் அம்மாவின் கூறை மாட்டுவண்டியில் வந்தபோது வழியில் எதிர்வண்டி நின்றதாம். மாட்டைப் பின்னுக்குத் தள்ளாமல் எதிரே வந்த வண்டியைத்தான் வயலில் இறக்கினார்களாம். முன்னுக்குப் போகிற வாழ்க்கை முன்னுக்கே போக வேண்டுமாம்.

6.40, செங்கல்பட்டு சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். முகூர்த்த நாள் என்பதால் மாலை கட்டிய வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. காலியாக இருந்த இடத்தில் நரேன் நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துச் செந்தில் போன் செய்ய, நரேன் இறங்கிச் சத்தமில்லாத பக்கமாகப் போனான். பெட்ரோல் போடுகிற ஆள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னவரிடம் சொன்னார்:

"சார், இதுக்குப் பிரீமியம்தான் போடணும். அந்த மெஷின் பின்னால இருக்குது. ஒரு வண்டி நீளம் ரிவர்ஸ் எடுங்க."

"அதெல்லாம் முடியாதுபா. கூறை இருக்குது வண்டியில. இங்க இன்னா இருக்குதோ அத்த போடு."

"இது சாதா பெட்ரோல் சார்."

"பெட்ரோல்தானே? டீசல் இல்லியே? போடுபா."

லிட்டர் நூற்றொரு ரூபாய்ச் சில்லறைக்குச் சாதா பெட்ரோல் இறங்கத் தொடங்கியது. பிரீமியம் அதைவிட ஏழெட்டு ரூபாய் கூட. பத்தாவது லிட்டரில் நரேன் ஓடிவந்தான். ஓடிவந்த வேகத்தில் அவன் வேட்டி அவிழாதது அம்மன் புண்ணியம்.

"அங்கிள், இன்னா பண்ணீங்க! மூடியிலயே எழுதிருக்குது, பிரீமியம் மட்டும்னு!"

"நல்ல காரியத்துக்குப் போவசொல்லோ கத்தாதபா" என்றார் என்னவர், அசையாமல்.

நரேன் மூடியை இறுக்கித் திருகிவிட்டு ஏறினான். கார் நன்றாகத்தான் போனது. சாலையோரம் நெல் வயல்களும், இடையில் புதுப் பிளாட் போட்ட கொடிகளும். வெயில் இன்னும் ஏறவில்லை. பட்டின் வாசனையும் மல்லிகை வாசனையும் காரின் குளிரில் கலந்திருந்தன. இந்தச் சாலையில் போகிறவர்கள் காலையில்தான் போக வேண்டும் என்று சிபாரிசு செய்கிறேன்.

7.05, ஐயம்பேட்டை. முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக நரேன் அழுத்தினான். டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினதுபோல் இஞ்சினுக்குள் ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றது, அழுத்தினால் மறுபடி வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான்.

"நாக்கிங் ஆன்ட்டி. இது டர்போ. ஆக்டேன் தொண்ணூத்தஞ்சு இருக்கணும், சாதால தொண்ணூத்தொண்ணுதான். நேரத்துக்கு முன்னாடியே உள்ள பத்திக்குது. இப்படியே ஓட்னா இஞ்சின் காலி. டோ வண்டி வரணும், டேங்க மொத்தமா கழுவணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"மத்தியானம் ஆயிடும்."

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. கூறையை எல்லோரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்கி, பெண் உடுத்திக்கொண்டு வர அரை மணிக்கு மேல் ஆகும். எட்டு மணிக்காவது நான் அங்கே இருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு கார் வந்து எங்களை அழைத்துப் போனால் எட்டே கால் தாண்டிவிடும். கை காட்டிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோக்கள் ஆட்கள் வெளியே தொங்க நிற்காமல் போயின. அண்ணன் போன் செய்தார். "வந்துக்கினே இருக்கோம்ணா" என்றேன், நின்ற காரிலிருந்து.

அப்போது நரேன் சொன்னதில் ஒரு சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. கழுவுவது. எங்கள் பட்டறையில் அண்டாவில் சாயம் வெளிறிவிட்டால், யாராவது அதைக் கொட்டிக் கழுவுவார்களா?

"நரேனு, சாதா பத்து லிட்டர்தானே போட்டிருக்குது? டேங்க் எவ்ளோ புடிக்கும்?"

"அம்பது."

"அப்ப இடம் இருக்குதே! சாயம் வெளுத்துப்போச்சின்னா அண்டாத் தண்ணிய நான் கொட்றதில்லபா. மேல நல்ல சாயத்த ஏத்துவேன். வாலாஜாபாத்துல பங்க் இருக்குது. இதுமேலயே பிரீமியத்த ஊத்து."

அவன் தலையைத் தூக்கினான். முதலில் என்னை, பிறகு பெட்ரோல் முள்ளைப் பார்த்தான். போனில் கணக்குப் போட்டான்.

"ஏற்கெனவே அஞ்சு லிட்டர் நல்லது இருக்குது. இன்னும் இருபது ஊத்துனா தொண்ணூத்திநாலு கிட்ட வருது ஆன்ட்டி! அதுவரைக்கும் அழுத்தாம ஓட்னா, சென்சார் சமாளிச்சிக்கும்."

"எத்தினி கிலோமீட்டர்?" என்றார் என்னவர், சின்னக் குரலில்.

"ஏழு எட்டு இருக்கும் அங்கிள். எல்லாம் முன்னாலதான்."

அந்த ஏழெட்டு கிலோமீட்டர் நான் செய்த பயணங்களிலேயே பெரியது. கார் நாற்பதைத் தாண்டவில்லை. கீரைக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று எங்களை முந்தியது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நரேனின் காதுமடல் சிவந்தது. புளியங்கொட்டைச் சத்தம் வருமோ என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேடு வந்த இடத்தில் லேசாக வந்தது, அவன் காலைத் தளர்த்தினதும் போய்விட்டது.

7.25, வாலாஜாபாத். இந்தமுறை நரேன் நுழையும்போதே கீழே இறங்கிப் பிரீமியம் எது என்று பார்த்துவிட்டு, அதற்கு நேராக நிறுத்தினான். இருபது லிட்டர். குழாயைப் பிடித்திருந்த பெண், "கல்யாணமாம்மா?" என்று கேட்டுப் புடவையை எட்டிப் பார்த்தாள். "இன்னா கலரு!" என்றாள். எனக்கு அந்தச் சங்கடத்திலும் மனசு குளிர்ந்துபோயிற்று.

கொஞ்ச தூரம் மெதுவாகப் போய், பெட்ரோல் கலந்ததும் நரேன் பயந்து பயந்து அழுத்தினான். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். பட்டு விரித்தாற்போல ஓடியது கார். "ஆன்ட்டி!" என்று கத்தினான். என்னவர் கைதட்டினார். நான் தாம்பாளத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். பழையசீவரத்தில் திரும்பிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது, முன்னால் போன ஒரு மொபெட்டில் கீரைக்கட்டு. அதே ஆள்தான். ஜன்னலை இறக்கி டாட்டா காட்டினேன்.

7.50, திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். நான் பார்த்த அன்று தண்ணீரைவிட மணல்தான் அதிகம், ஆனாலும் அவ்வளவு அகலத்தைப் பார்த்ததும் மனசு விரிகிறது. கரையில் பெருமாள் கோயில். அதன் சுவரில் இருக்கிற சோழர் காலக் கல்வெட்டு, இங்கே ஓர் ஆஸ்பத்திரி நடந்ததையும் அதில் வைத்திருந்த மருந்துகளையும் சொல்கிறது என்று பெண்ணின் சித்தப்பா காட்டினார். காருக்கு மருந்து கண்டுபிடித்தவள் நான்தான் என்று அவரிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன், சாப்பாடு வரைக்கும்.

யமுனா அந்த அரக்கைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தபோது எட்டரை. வெயில் பட்டதும் நிறம் எழும்பியது. ஒரு வருஷமாக முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த என் அண்ணன், அட்சதையைப் போடவும் மறந்து நின்றார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மாலை 4 மணிக்குத் திரும்பினோம். இப்போது பின்சீட்டில் நானும் மணமக்களும். மறுநாள் நரேன்தான் அவர்களை ஏலகிரிக்கு ஓட்டிப்போகிறான். "மலை ஏறணும் ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் சாயம் ஏத்திக்கலாம்" என்று காலையில் பிரீமியம் போட்ட அதே வாலாஜாபாத் பங்க்குக்குள் திருப்பினான். பேச்சு சுவாரசியத்தில் பிரீமியம் மெஷினைத் தாண்டி நிறுத்திவிட்டான்.

மறுபடி ரிவர்ஸ் எடுக்க வேண்டும். யமுனா கட்டியிருப்பது அதே கூறை. நரேன் என்னவரைப் பார்த்தான். என்னவர் காரின் மேல்கூரையைப் பார்த்தார். காலைக் கதையைச் சாப்பாட்டுப் பந்தியில் நூறு பேருக்குச் சொல்லியிருந்தேன், யமுனாவுக்கும் தெரியும்.

அவள் கதவைத் திறந்து, புடவையைக் கொசுவத்தோடு அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

"மாமா, நான் எறங்கிட்டேன். இப்ப பின்னால எடுக்கச் சொல்லுங்க."

கார் ஒரு வண்டி நீளம் பின்னுக்குப் போனது. மாலையும் கழுத்துமாக அவள் பங்க் நடுவில் நிற்க, இரண்டு பஸ்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். பிறகு காரில் ஏற அவள் நாலு எட்டு பின்னால் நடக்க வேண்டும்; அதுவும் கூறை பின்னால் போவதுதானே. அவள் நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, நரேன் பெட்ரோல் போட்டு முடித்துக் காரை முன்னால் கொண்டுவரும்வரை காத்திருந்து ஏறிக்கொண்டாள்.

காலையில் நான் தாம்பாளத்தோடு ஒரு நிமிஷம் இறங்கி நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்கு இப்படி ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள் என்று அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.