கோழிக்குக் காட்டாத ரொட்டி

எங்கள் ஊரில் ஒருவர் பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் கையால் அப்பம் வாங்க, எழுந்து போகவில்லை என்றால், அவர் என்ன பாவம் செய்தார் என்பதை மத்தியானத்துக்குள் ஊர் கண்டுபிடித்துவிடும். போன வருஷக் கிறிஸ்துமஸ் பூசையில் என் மகள் எழுந்து போகவில்லை. எங்கள் பெஞ்சில் எல்லோரும் வரிசைக்குப் போய்விட, அவள் ஒருத்தி மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின் பெஞ்சில் இருந்தவர் எனக்குத் தங்கச்சி முறை. வரிசையில் போகும்போது திரும்பித் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு போய், முன்னால் நின்றவர் முதுகில் முட்டிக்கொண்டார். வீட்டில் கறி வேகுமுன் தீர்ப்பு வந்துவிட்டது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பிள்ளை, யாரையோ சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டிருக்கிறதாம்.

உண்மை அவ்வளவு ருசியானது அல்ல. அவளுக்குக் கோதுமை ஆகாது. கோவிலில் கொடுக்கும் அப்பம் கோதுமை. அவ்வளவுதான் விஷயம். குடல் புண்ணாகிக் கிடக்கிறது, கோதுமையை ஆயுளுக்கும் தொடக் கூடாது, புண் ஆறுகிறவரை அரிசி, கம்பு, சோளம் என்று எந்தத் தானியமும் கூடாது, பாலும் நெய்யும்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு போகம் நெல் விளைகிற பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளையிடம் சோறு தின்னாதே என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி கேட்டதும் முதலில் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டாள்.

“சோறும் கூடாது, பாலும் கூடாதுன்னா மனுசப்பிள்ள என்னத்தத்தான் திங்கும்? அந்தாளு படிச்சுத்தான் வந்தாரா?”

கோவில் சாமியாரிடம் சொல்லி அவளுக்கு வேறு ஏற்பாடு பண்ணலாமே என்று நான் கேட்டேன். ஊரே பார்க்க எனக்கு மட்டும் தனி வரிசையா, வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய அதிரசமும் முறுக்கும் கேக்கும் இருக்க, அவள் அறைக்குள் போய் அவித்த முட்டையும் வாழைப்பழமும் தின்றாள். லீவு இருக்கும்போதே ஊருக்குக் கிளம்பியும் விட்டாள்.

இந்த வருஷம் கார்த்திகை மழை நின்ற சமயத்தில் போன் பண்ணினாள். “நான் வரலப்பா. புண்ணு இன்னும் முழுசா ஆறல. வந்தா அம்மா அழுகும். கோவில்ல எல்லாரும் என்னையவே பாப்பாக. இங்கனயே இருந்துக்கிறேன்.”

“அதெல்லாம் வா ஆத்தா. நீ திங்கிற மாதிரி ரொட்டி நான் சுட்டு வைக்கிறேன்.”

எந்தச் சாத்தான் என் நாக்கில் வந்து உட்கார்ந்தானோ தெரியாது. நான் திராட்சைத் தோட்டக்காரன். கொடிக்கு எப்போது கவாத்து, எப்போது மருந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அடுப்பில் வெந்நீர்கூட வைத்ததில்லை. போனில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமாயிருந்தது. வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

செய்முறையை அவளே குரலாகப் பேசி அனுப்பினாள். மஞ்சள் பூசணியை அவித்து மசிக்க வேண்டும். மைதாவுக்குப் பதில் தேங்காய் மாவு. நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். சீனிக்குப் பதில் கருப்பட்டி. முட்டை, சுக்கு, ஏலக்காய், சோடா உப்பு, அதைப் பொங்க வைக்க எலுமிச்சைச் சாறு. நீளமான டின் ஒன்றையும் கத்தி ஒன்றையும் புதிதாக வாங்கி அனுப்பியிருந்தாள். மைதா ஒரு முறை பட்ட டின்னும் கத்தியும் கூடாதாம். பூசணி எங்கள் வேலியிலேயே காய்த்துக் கிடந்தது. தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஏலக்காய் மலையிலிருந்து இறங்கி வந்தால் எங்கள் ஊர்தான். ஆகையால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தேங்காய் மாவு என்பது கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் என்று உத்தமபாளையம் போய் அலைந்தேன். நாலாவது கடைக்காரர், “பாய் வீட்டுப் பிரியாணிக்கா அண்ணாச்சி?” என்றார். அவரே பாய்தான். கிண்டல் பண்ணுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைசியில் வீட்டிலேயே தேங்காய்ப் பால் எடுத்துவிட்டு, சக்கையை மாடியில் காயப் போட்டேன். அது மொறுமொறுவென்று காய்ந்ததும் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு மாவு மில்லுக்கு நடந்தேன். வாசலுக்குப் போன பிறகுதான் எனக்கு முன்னால் ஒரு அம்மா சப்பாத்திக்குக் கோதுமை அரைத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. மில்காரர் பாசமாகக் கூப்பிட்டார். “வாங்க, அடுத்து உங்களுதுதான், அப்படியே கொட்டுங்க!” நான் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். மிக்ஸியில் அரைத்துக்கொண்டேன். மில்காரர் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

எங்களிடம் ஓவன் கிடையாது. குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்து, அதன் மேல் டின்னை இறக்கி, விசிலும் ரப்பர் வளையமும் இல்லாமல் மூட வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். எண்ணெய் அளக்க நான் எடுத்த மூடியை என் மனைவி வெடுக்கென்று பிடுங்கினாள்.

“இது திராட்சைக்கு அடிக்கிற மருந்தோட வந்ததுல்ல?”

“புதுசுடி. மருந்து டப்பாவையே இன்னும் உடைக்கல.”

“பிள்ளைக்குக் கோதுமை ஆகாதுன்னு பூச்சி மருந்தக் குடுக்கப் போறீகளா?”

அவளிடம் இட்லிக் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

முதல் ரொட்டி குக்கரிலிருந்து வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. கத்தி இறங்கவில்லை. அரிவாள்மனையில் வைத்து மேலே ஏறி உட்காராத குறையாக அமுக்கினேன். தேங்காய் மாவு தண்ணீரை அப்படிக் குடிக்கும் என்று எனக்கு யார் சொன்னது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். சோறே கூடாத ரொட்டியில் வைத்த பூசணி எங்கே போய் மறைந்தது என்றே தெரியவில்லை. உதிர்த்துக் கோழிகளுக்குப் போட்டேன். நாலும் ஓடி வந்தன. ஒரு கொத்து. பிறகு தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குப்பைமேட்டுக்குத் திரும்பிப் போய்விட்டன. என் மனைவி அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டு இதைச் சொன்னாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேரும் போனில் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்ததால் நானும் கோபப்படவில்லை.

இரண்டாவது ரொட்டியில் சோடா உப்பு கூடிப்போய்ச் சோப்பு வாசம் வந்தது. அதைக் கோழிக்குக் கொண்டுபோக எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை, குழி தோண்டிப் புதைத்தேன். மூன்றாவது, நடுவில் பொதுக்கென்று அமுங்கி, நைந்த அல்வாவாக வந்தது. வாயில் போட்டால் மோசமில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு மகள் முன்னால் வைக்கிற முகமா அது? ஒரு எவர்சில்வர் டப்பாவில் மூடி ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில், கறிவேப்பிலைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

நாலாவது எழுந்தது. மகள் வந்து இறங்கிய சாயங்காலம்தான் சுட்டேன். மேலே வெடித்து, ஓரம் சிவந்து, ஏலக்காயும் கருப்பட்டியும் மணக்க, நிஜமான ரொட்டியாக டின்னிலிருந்து கழன்று விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு திராட்சை மகசூலுக்கும் நான் அப்படிக் கலங்கியதில்லை. மறுநாள் காலையில் வெட்டலாம், சூட்டில் வெட்டினால் உதிரும் என்று மகள் சொன்னாள். வெள்ளைத் துணியில் சுற்றித் தனியாக மேல் அலமாரியில் வைத்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூசைக்கு முன் என் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. ஒரு மணி நேரம் வயிற்றைக் காயப் போட்டால் போதும், நன்மை வாங்கலாம் என்று சாமியார்களே எப்போதோ சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். நான் தளர்த்தவில்லை. காப்பி குடித்துவிட்டுக் கோவிலுக்கு வருகிறவர்களைக் கிண்டல் பண்ணுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஊரில் என் வயசுக்காரர்கள் யாரும் என் முன்னால் பூசைக்கு முன் டீக்கடைப் பக்கம் ஒதுங்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் நான் குளித்து வேட்டி மாற்றி வந்தபோது, மகள் நைட்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். கோவிலுக்கு வரவில்லை, வீட்டிலேயே இருக்கிறேன் என்று ராத்திரியே சொல்லியிருந்தாள். மாத்திரை போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. ரொட்டியில் ஒரு துண்டு கேட்டு வந்திருக்கிறாள். ஆனால் உள்ளே போகாமல் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரத்தை வீட்டார் தொடுமுன் அக்கம்பக்கத்துக்குத் தட்டு போக வேண்டும். பூசை முடிந்து வந்ததும் தட்டுத் தட்டாகக் கொடுத்துவிடத் தயாராக, என் மனைவி பெரிய தாம்பாளத்தில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள். சுற்றிலும் அதிரசம். அதன் மேல் முறுக்கு. அதற்குள் பேக்கரியில் வாங்கிய மைதா கேக்கின் துண்டுகள். நடுவில், மகுடம் வைத்த மாதிரி, துண்டு போட்ட என் ரொட்டி. அதிரசத்து நெய் அதன் மேல் மினுமினுத்தது.

“இதையும் அந்தக் கத்தியிலயேதான் வெட்டினியாம்மா?” என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

“ஆமாத்தா, கேக்க வெட்டிட்டுத் தொடச்சிட்டுத்தான் வெட்டினேன். உங்கப்பா சுட்டதை நாலு பேரு பாக்கணும்ல? ஊரெல்லாம் உன்னயப் பேசினாகல்ல, பாக்கட்டும்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மகள் முகம் போன போக்கை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத முடியாது. அன்று யேசு பிறந்த நாள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் எங்கள் இருவரையும் பார்க்காமல், “பரவாயில்லப்பா. நான் முட்ட அவிச்சுக்கிறேன்” என்றாள். போன வருஷம் அறைக் கதவைச் சாத்துமுன் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

அப்போதுதான் கறிவேப்பிலைக்குப் பின்னால் இருந்த டப்பா ஞாபகம் வந்தது.

எடுத்துத் திறந்தேன். குளிரில் இன்னும் சுருங்கிப்போய், பார்க்க ரொம்பப் பாவமாக இருந்தது. மகள் எட்டிப் பார்த்தாள்.

“இது கோழி வேணாம்னு சொன்னதாப்பா?”

“இல்ல ஆத்தா. இதக் கோழிக்குக் காட்டவே இல்ல.”

“இதுல வேற எதுவும் படலேல்ல?”

“நான் மட்டுந்தான் தொட்டேன்.”

டின்னோடு அவள் அனுப்பிய புதுக் கத்தியால் நானே வெட்டினேன். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தோம். அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “நீங்க மொதல்ல தின்னுங்க, பாப்போம்.” நான் தின்றேன். அவளும் தின்றாள். நான் இரண்டாவது துண்டை எடுக்கும்போது கோவிலில் முதல் மணி அடித்தது. என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அலறினாள்.

“இந்தாங்க! பூசைக்குப் போகணும், என்ன காரியம் பண்ணிட்டீக!”

“அடடா, மறந்துட்டேனே” என்றேன்.

மறக்கவில்லை. முதல் துண்டை வாயில் வைக்கும்போதே எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“ஒரு மணி நேரந்தான சட்டம், நன்மைக்கு நேரமிருக்குல்ல” என்றாள் மனைவி.

“அது உங்களுக்கு. எனக்குப் பழைய சட்டந்தான், ஊருக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினேன். “ஆத்தா, இன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சுப் போவாக, நான் மட்டும் பெஞ்சில தனியா உக்காந்திருக்கணும். ஒரு மாதிரியா இருக்கும். தொணைக்கு வாரியா?”

அவள் கையிலிருந்த துண்டைத் தின்று முடித்தாள். பிறகு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, புடவை மாற்றப் போனாள்.

நன்மை நேரம் வந்தது. எங்கள் பெஞ்சு காலியானது. என் மனைவி போகும்போது என்னை முறைத்தாள், திரும்பி வரும்போது முறைக்கவில்லை. வரிசையில் நின்ற தங்கச்சிமுறைக்காரர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையை விட்டே விலகி எங்கள் பெஞ்சுக்கு வந்து குனிந்தார்.

“என்னண்ணே, நீங்களுமா?”

“ரொட்டி தின்னுட்டேன்த்தா” என்றேன்.

நாற்பது வருஷமாக நான் ஊரைக் கிண்டல் பண்ணியதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. மத்தியானம் வரை பொறுக்கக்கூட மாட்டார், கோவில் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். மகளைப் பற்றிப் பேச இன்று அவருக்கு நேரமிருக்காது.

மகள் கைப்பையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, காதோடு சொன்னாள்.

“அப்பா, அந்த ரொட்டி நல்லாவே இல்லப்பா.”