பிள்ளைக் காம்பராவில் ஒரு பெரட்டு

பள்ளிக்கூட இடைவேளையில் அந்தச் செய்தி வந்தது. "அப்பா போயிட்டாங்க டீச்சர். காலையில தேத்தண்ணி குடிச்சிட்டுச் சாஞ்சவங்க, எழும்பல" என்று அழுதாள் செபமாலை அண்ணனின் மகள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் சாவு விழுந்தால் குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயப் போத்தல் கொடுப்பது வழக்கம். அண்ணனுக்குக் குழி வெட்ட முதல் ஆளாக மம்பட்டியைத் தூக்கப்போவது என் கணவர் யோகன்தான் என்று எனக்குத் தெரியும்.

கொட்டகலைப் பக்கம் செபமாலை அண்ணனைக் கங்காணியாக அறிந்தவர்கள் நிறையப் பேர். கோயிலில் முன்வரிசையில் நின்று சுருதி சேராமல் பாடுகிறவராக அறிந்தவர்களும் உண்டு. நாங்கள் சில குடும்பங்கள் அவரை வேறு விதமாக அறிந்தோம்.

யோகன் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த நாட்களில் ஓட்டியதைவிடக் குடித்ததுதான் அதிகம். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றுக்குப் போகும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஹட்டனில் தேடிப் பிடித்துப் போனோம். அங்கே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. சிங்களத்தில் வாடகை பேசி வாய்ச்சண்டையும் போடத் தெரிந்த மனுஷனுக்கு, மனதில் கிடப்பதைச் சொல்லச் சிங்களம் வரவில்லை.

தமிழில் எங்கே நடக்கிறது என்று யாரிடம் கேட்பது? டீச்சர் வீட்டுக்காரர் குடிகாரர் என்று ஊருக்குத் தெரியாதாம், நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பஜாரில் மரக்கறி விற்கும் அக்காவின் காதோடு காதாகக் கேட்டேன். அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு, "குடிய விடுற கூட்டமா டீச்சர்? செபமாலை கங்காணிகிட்டப் போங்க! ஞாயித்துக்கெழம பிள்ளைக் காம்பராவுல வைக்கிறாரு!" என்று பஜாருக்கே கேட்கும்படி சொன்னாள். வெட்கத்தில் வாங்கிய கரட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிள்ளைக் காம்பரா என்பது கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அண்ணனின் மனைவி அங்கே ஆயாவாக இருந்தார். ஞாயிறன்று காலியாகக் கிடக்கும். தலைக்கு மேலே சேலைத் தொட்டில்கள் தொங்க, முழங்காலுக்கும் வராத நாற்காலிகளில் மீசை வைத்த ஆட்கள் குந்தியிருந்தார்கள். யோகன் வாசலில் ஆட்டோவை நிறுத்தியவர், இறங்கமாட்டேன் என்று சாதித்தார். அண்ணன் வெளியே வந்தார். ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கால் வலிக்குது தம்பி, இங்கயே இருந்துக்கிறேன்" என்றார். உள்ளே பார்த்து, "டேய், எல்லாரும் இங்க வாங்கடா" என்று குரல் கொடுத்தார். கொட்டும் பனியில் ஆட்டோவைச் சுற்றிக் குந்தி அன்றைய கூட்டம் நடந்தது. அடுத்த வாரம் யோகன் தானாகவே இறங்கிப் போனார்.

அந்தக் கூட்டத்தை அண்ணன் பெரட்டு என்றுதான் சொல்வார். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற அதே பெரட்டு. அவர் பேரைக் கூப்பிட, குடிக்காமல் இருந்தவன் "முழுப் பேரு" என்பான். தடுமாறியவன் "அரைப் பேரு" என்பான். முழுநாள் வேலைக்கும் அரைநாள் வேலைக்கும் தோட்டத்தில் சொல்கிற கணக்குதான் அது. எத்தனை மாதமாகக் குடிக்கவில்லை என்று ஒருவன் பெருமை பேசினால், "பழசு எதுக்கு? இன்னைக்குப் பேரு விழுந்துச்சா, அதச் சொல்லு" என்று அதட்டுவார். பழைய கங்காணி அல்லவா, அதட்டல் போகவில்லை.

ஒரு தீபாவளிக்கு யோகன் மறுபடி குடித்துவிட்டு வந்தார். விடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போய், இனி இவரோடு வாழமுடியாது என்று கத்தினேன். அண்ணன் பாலில்லாத பிளேன்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "அரைப் பேரும் பேருதான் டீச்சர். பேரே இல்லன்னு யாரு சொன்னா?" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று மாலையிலிருந்து தினமும் பொழுது சாயும் நேரத்தில் யோகனுக்கு அவரிடமிருந்து போன் வரத் தொடங்கியது. "தம்பி, இன்னைக்குப் பேரு?" அவ்வளவுதான். பதில் கேட்டதும் வைத்துவிடுவார்.

அடக்கத்தன்று காலை, பெரிய கேத்தலில் பிளேன்டி ஊற்றிக்கொண்டு சேமக்காலைக்குப் போனேன். குழிக்குள் நின்றவர்கள் அத்தனை பேரும் பிள்ளைக் காம்பரா ஆட்கள். உடப்புசல்லாவையிலிருந்து வந்த அண்ணனின் மச்சான், முறை தவறக்கூடாது என்று போத்தலைக் கொண்டுவந்து மண்மேட்டில் வைத்திருந்தார். அவர்மேல் பிழை இல்லை. யோகன் நிமிர்ந்து அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். யோகன் மேலே ஏறி வந்து, போத்தலை எடுத்து மச்சானின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். "மாமா, நாங்க அவரு ஆளுங்க. எங்களுக்கு இந்தத் தேத்தண்ணி போதும்" என்றார். எல்லோரும் மண் கையோடு வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள்.

அன்று பொழுது சாய்ந்தது. யோகன் குளித்துவிட்டு வந்து போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடிக்காது என்று இருவருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அண்ணன் குரலில் அதட்ட எனக்கு வராது. வந்த குரலில் கேட்டேன்.

"இன்னைக்குப் பேரு?"

"முழுப் பேரு" என்று சொல்லி உடைந்து அழுதார்.

செபமாலை அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கேள்விதான். இனி தினமும் அதை நான்தான் கேட்கவேண்டும்.