ஊஞ்சல் கொக்கியில் தொங்கிய வெளிச்சம்

பூனாவில் நாங்கள் இப்போது இருக்கும் மகர்பட்டாவில் கரண்ட் போனால் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். நேற்றுச் சாயங்காலம் அதுவும் முரண்டு பிடித்தது. என் மகள் எங்கிருந்தோ ஒரு மெழுகுவர்த்தியைத் தேடி ஏற்றினாள். கரண்ட் வந்ததும் ஊதி அணைத்தாள் பாருங்கள், அந்தப் புகை வாசனையோடு நான் நேராக ஊரின் மறுகோடியிலுள்ள சிஞ்ச்வட் போய்ச் சேர்ந்தேன்.

கல்யாணமான புதிதில் அங்கே ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். வீட்டுக்கார மராத்தியர் ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு, கூடத்துச் சீலிங்கில் கொக்கிகளை மட்டும் விட்டுப் போயிருந்தார். துணி காயப்போட ஆகும் என்று நான் நினைத்தேன். என் மனைவி விஜி கோயம்புத்தூரில் இயற்பியல் படித்தவள், அவளுக்கு வேறு தோன்றியது.

வியாழக்கிழமைதான் எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை. அன்றைக்கென்று சாயங்காலம் கரண்டும் போகும். விஜி இரண்டு கொக்கியிலிருந்தும் நூல் இறக்கி, நடுவில் சேர்த்து முடிச்சுப் போட்டு, அதற்குக் கீழே ஒரு பென் டார்ச்சைத் தொங்கவிடுவாள். தரையில் என் பழைய ஃபிலிம் கேமரா மல்லாந்து கிடக்கும். டார்ச்சைத் தள்ளிவிட்டு ஷட்டரைத் திறந்து வைத்தால், வெளிச்சம் போன வழியெல்லாம் கோடாக விழும். ஒரு பக்கமாக ஆடினால் முழு நூலும் ஆடும்; குறுக்கே ஆடினால் முடிச்சுக்குக் கீழே உள்ளது மட்டும். இரண்டும் கலந்து கோலம் போடும்.

"கீழ் நூலு மொத்தத்துல கால் பங்கு இருக்கோணுங்க. அப்பத்தான் எட்டு மாதிரி வரும். அட, மூச்சை அந்தப் பக்கமா விடுங்க!"

எனக்குக் கணக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. இருட்டில் ஒரு புள்ளி வெளிச்சம் மிதக்கும், பக்கத்திலேயே அவள் குரல் வந்துகொண்டிருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு வியாழன் அதே குரலில் சொன்னாள்: "தீபாவளிக்கு ஊருக்குப் போனா நான் திரும்பி வர்றதா இல்லீங்க. இங்க உங்களை விட்டா யாருகிட்டப் பேசறது?"

நான் டார்ச்சை இன்னொரு தடவை தள்ளிவிட்டு ஷட்டரைத் திறந்தேன்.

அப்போது கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அம்மாள், எல்லாருக்கும் காகு, அதாவது சித்தி, மெழுகுவர்த்தியோடு நின்றார். எங்கள் ஜன்னலில் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வருகிறதே, இந்த மதராஸிகள் என்ன மந்திரம் போடுகிறார்களோ என்று பார்க்க வந்திருக்கிறார். படம் போச்சு என்று நான் பல்லைக் கடித்தேன். விஜியோ மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு, "பசா காகு, பசா" என்று அவரைக் கைபிடித்து உட்காரவைத்தாள். உட்காருங்கள் என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த ஒரே மராத்தி. டார்ச்சையும் அவர் கையில் கொடுத்தாள். காகு தள்ளிய வேகத்தில் அது சுவரில் இடித்துத் திரும்பியது.

"அகம்பாயி!" என்று, நம் அடேயம்மா மாதிரி, காகு சொல்லிச் சிரிக்க, விஜியும் சிரித்தாள். பூனா வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அடுத்த வியாழன் காகு மருமகளையும் கூட்டி வந்தார். பிறகு அந்த மாடியே வந்தது. தீபாவளிக்குப் போன விஜி, காகுவுக்கு ஒரு புடவையோடு திரும்பி வந்தாள்.

காகு இப்போது இல்லை. அந்தக் கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள். விஜி காய்கறிக்காரரோடு மராத்தியில் சண்டையே போடுகிறாள். சாயங்காலமானால் கீழே அவளுக்கென்று ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவள் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், போகவில்லை, சந்தோஷந்தான். ஆனாலும் உங்களிடம் சொல்வதற்கென்ன, என்னைத் தவிரப் பேச ஆளில்லாத அந்த விஜியை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.