வெட்டப் போன தோப்பில் ஒரு தாலாட்டு

ஊர் பார்க்கப் போகவில்லை. மரம் வாங்கப் போனேன். பழப் பெட்டிக்குப் பலகை அறுத்து விற்பது என் தொழில். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், காய்ப்பு நின்றுபோன பதினோரு மாமரங்கள் விலைக்கு வருவதாகத் தகவல். போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன்.

எட்டேகாலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். பால்கோவாவைத் திரும்பும்போது வாங்கலாம் என்று விட்டது தப்பு. சாயங்காலம் கடையை நெருங்க முடியவில்லை. ராஜபாளையம் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து தோப்புக்கு இன்னும் எட்டு. ஆட்டோ முனியாண்டி முந்நூறு கேட்டார். காத்திருந்து கூட்டி வர வேண்டும் என்றேன்.

"இன்னைக்கு அங்கன எங்க ஊர்க் கொடை அண்ணாச்சி. நீங்க வெரட்டினாலும் போக மாட்டேன்."

பத்தரைக்குள் விலை பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை வெட்டு. மூன்றாவது மரத்தின் உச்சியில் பெரிய இலைக்கூடு ஒன்று தெரிந்தது. காக்கைக்கூடு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பிறகு முனியாண்டி கொடைத் திருவிழாவுக்கு இழுத்துப் போனார். கோயில் பந்தலில் பகல் வில்லுப்பாட்டு. நன்கொடையாக ஐந்நூற்றொரு ரூபாய் எழுதினேன். பணம் எழுதியவரைப் பாட்டில் சேர்த்துப் பாடுவது அங்கே வழக்கம். என்னைப் பற்றி முனியாண்டிதான் போய்ச் சொன்னார்: "தோப்ப வாங்கிட்டாவ." அவ்வளவுதான். பாடகி இசக்கியம்மாள் வில்லை ஒரு தட்டுத் தட்டினார்.

"நம்ம தோப்ப ஒரு அண்ணாச்சி வாங்கியிருக்காவ!"

"ஆமா!" என்றார் பின்பாட்டுக்காரர். "காய்க்காத மரத்த எதுக்குக்கா வாங்குதாவ? கிறுக்கா?"

"ஏலே, வாயக் கழுவு! மலையணிலு குடியிருக்குல்ல, அதுக்காக வாங்கியிருக்காவ!"

காய்க்காத மரத்தை வேறு எதற்கு ஒருவர் வாங்கப் போகிறார் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். உடனே குரல் இறங்கித் தாலாட்டு ஆனது.

"மாங்கிளையில் கூடுகட்டும் மலையணிலே – உன்
பிள்ளைக்கினி பயமுமில்லை, கண்ணுறங்கு."

வில்லோடு சேர்த்துத் தட்டும் குடம் மெதுவாக முனகியது. பக்கத்தில் மடியில் பிள்ளையோடு இருந்த பெண், தன் பிள்ளைக்குத்தான் பாடுகிறார்கள் என்பதுபோல் தட்டிக்கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது மரத்துல குட்டி போட்டிருக்கு அண்ணாச்சி. யாரும் வெட்டிருவாவளோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்."

எனக்கு வியர்த்தது. வியாபாரத்தில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், உறைக்காது. செய்யாததற்கு இப்படி நன்றி சொல்லி யாரும் மாட்டிவிட்டதில்லை.

பாட்டு முடிந்ததும் இசக்கியம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன்: "யம்மா, நான் வெட்டத்தான் வாங்கினேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. "தெரியாமப் பாடிட்டேனே! பொறவு மாத்திப் பாடிரவா?"

மூன்றாவது மரத்தடிக்குப் போய் நின்றேன். சாம்பல் வால் ஒன்று கிளைக்குக் கிளை தாவி, பக்கத்து மரத்திலிருந்து கூட்டுக்குள் நுழைந்தது. அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டால் போதாது என்பது எனக்கே புரிந்தது. பக்கத்து மரங்கள்தான் அதற்குப் பாதை. அறுப்பு ஆட்களுக்கு போன் போட்டு வர வேண்டாம் என்றேன்.

அணில் பார்க்கப் போகிறவர்கள் காலை ஏழுக்குள் போங்கள். வெயில் ஏறினால் அணில் வெளியே தெரியாது. சத்தம் கூடாது, தின்னக் கொடுக்கவும் கூடாது. மீதிப் பணத்தையும் கட்டிவிட்டேன்; மரங்களுக்குச் சொந்தக்காரன் நான்தான், அனுமதி கேட்க வேண்டாம். பலகைக்கு வேறு ஊரில் பார்த்துக்கொள்கிறேன். கிளம்பும்போது இசக்கியம்மாளிடம் இதை மட்டும்தான் சொன்னேன்: "பாட்ட மாத்த வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."