நுமான்சியா விழவில்லை

கனடாவின் ஸ்காபரோவில் அமிர்தநாதரைத் தெரியாத தமிழர் குறைவு. பாண் சுடும் தொழிற்சாலையில் பத்து வருடம் ஒரு நாளும் பிந்திப் போகாதவர், கோயில் பெருநாளுக்குக் கதிரை அடுக்குபவர், யாருக்கு வீடு மாறினாலும் சோபாவின் பாரமான பக்கத்தைப் பிடிப்பவர். ஆனால் அவருக்கு இருந்த ஒரே ஒரு விசர் என்னவென்று முழுதாகத் தெரிந்த ஆள் மகள் செலீன்தான். பதினைந்து வயது. வீட்டுக் கணினி அவளுடைய அறையில் இருந்தது.

அந்த விசரின் பெயர் நுமான்சியா. ஸ்பெயினில் சோரியா என்ற சின்ன ஊரின் உதைபந்தாட்டக் கழகம்.

தொண்ணூற்றைந்து முடியும்போது, கனடா என்று சொல்லி ஏற்றிய ஏஜென்ற் அவரை ஸ்பெயினில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். நாலு மாதம் சோரியாவில் ஒரு மதுக்கடையில் கோப்பை கழுவினார். வெளியே பனி, உள்ளே பாஷை தெரியாத ஆட்கள். அந்தக் குளிரில்தான் மூன்றாம் பிரிவில் கிடந்த நுமான்சியா, கிண்ணப் போட்டியில் முதற்பிரிவுக் கழகங்கள் மூன்றை வரிசையாக வெளியே அனுப்பியது. பிறகு பார்சலோனாவையே இரண்டுக்கு இரண்டு என்று மறித்தது. கடை முதலாளி ஈர ஏப்ரனோடு அமிர்தநாதரைத் தூக்கிச் சுற்றினாராம். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை.

கழகத்தின் சரித்திரத்தை அவர் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தார். நாற்பத்தைந்தில், உலக யுத்தம் முடிந்த வருடம் தொடங்கியது. தொண்ணூற்றொன்பதில் முதற்பிரிவுக்கு ஏறியது. விழுந்தது. ஏறியது. விழுந்தது. இரண்டாயிரத்தெட்டில் திரும்பவும் ஏறியது. பிறந்தநாள் விழாக்களில் றோல்ஸுக்கும் கேக்குக்கும் இடையில் அகப்படுகிறவர்களுக்கு அவர் இதைச் சொல்லுவார். அந்தப் பெயர் பழைய நகரம் ஒன்றின் பெயர் என்றும், ரோமர்கள் அதைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டும் சனங்கள் பணியவில்லை என்றும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். இரண்டாயிரத்தொன்பது தை மாதத்தோடு அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டார். ரோமர்கள் என்று தொடங்கித் தண்ணி குடிப்பார்.

அவருடைய தம்பி கிளமென்ற், படை சுற்றி வளைத்த வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தான். ஊரில், பாசையூர்க் கடற்கரை ஆட்டங்களில் கோல் காத்து நின்றவன். அண்ணனின் கடிதங்களால் அவனுக்கும் நுமான்சியா பாடம்.

ஞாயிறு பின்னேரங்களில் அமிர்தநாதர் கொப்பியோடு செலீனின் அறை வாசலில் வந்து நிற்பார். முடிவைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. இரண்டாயிரத்தெட்டுப் போட்டிப் பருவத்தின் முதல் ஆட்டம் ஆவணிக் கடைசியில்.

“என்ன மாதிரி, பிள்ளை?”

“ஒண்டுக்குப் பூச்சியம். வெண்டிட்டம் அப்பா! பார்சலோனாவை!”

அவர் பேனை மூடியைக் கழற்றவே இல்லை. “பகிடி விடாதை.”

“கோட் பிறமிஸ்!”

“போன கிழமையும் கோட் பிறமிஸ் எண்டுதானே என்ர தேத்தண்ணிக்கை உப்பைப் போட்டனீ.”

“வந்து பாருங்கோவன். ஸ்கிரீன்ல கிடக்கு.”

“உந்தப் பெட்டிக்கை நீ என்னத்தையும் எழுதுவாய்.”

அதிலும் நியாயம் இருந்தது. பாண் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று செய்திப் பக்கம் ஒன்றைச் செய்து காட்டி, முட்டாள்கள் தினமான சித்திரை முதலாம் திகதி அவரை அரை மணித்தியாலம் அழ விட்டவள் அவள். அவர் முதல் வரியை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்.

செலீனுக்குச் சுருக்கென்றது. வாழ்நாளில் ஒருமுறை உண்மை சொன்னதற்கு இதுதானா மரியாதை? அடுத்த ஆட்டத்தில் நுமான்சியா தோற்றது. அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு, “ரெண்டுக்கு ஒண்டு, வெண்டிட்டம்” என்றாள். மறுபேச்சில்லாமல் எழுதினார்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு பொய்யை நிமிர்த்திவைக்க இன்னொரு பொய் வேண்டியிருந்தது. கணக்கில் ஐம்பத்திரண்டு எடுக்கிற பிள்ளை, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் நுமான்சியாவுக்கென்று தனிப் புள்ளி அட்டவணை போட்டாள். நிஜ நுமான்சியா அடியில் கிடக்க, அவளுடைய நுமான்சியா பன்னிரண்டாம் இடத்தில் சொகுசாக இருந்தது. பருவம் முடிய உடைத்துச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

தை இருபத்தைந்தாம் திகதி வன்னியிலிருந்து கிளமென்ற்றின் அழைப்பு வந்தது. மூன்று நிமிடம். அதற்குப் பிறகு வரவில்லை.

மாசியில் ஒரு சாப்பாட்டு நேரம் அமிர்தநாதர் சொன்னார். “கிளமென்ற்றும் நுமான்சியா மாதிரித்தான். இந்தா விழுறான் எண்டு இருக்கும். விழான்.”

செலீன் வாயிலிருந்த சோற்றை விழுங்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பகிடி அவள் கையை விட்டுப் போனது. இனி நுமான்சியாவைத் தோற்க விடுவது எப்படி?

பங்குனி, சித்திரை முழுவதும் வீட்டில் தொலைக்காட்சி அணையவில்லை. வைகாசியில், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நெடுஞ்சாலையை மறித்த சனத்துக்குள் தாய், தகப்பன், மகள் மூன்று பேரும் நின்றார்கள். அங்கேயும் அவர் அவள் காதுக்குள், “இன்னும் மூண்டு ஆட்டந்தான். பிடிச்சு நிக்குது, என்ன?” என்றார். “ஓம் அப்பா.” வெட்கம் கெட்ட கேள்வி என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பதினெட்டாம் திகதி வந்தது. யுத்தம் முடிந்தது என்றார்கள். தொலைக்காட்சி அணைந்தது.

அவருடைய மனைவி அன்ரனெற் செஞ்சிலுவைச் சங்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். காணாமற் போன உறவினரைத் தேடுவதற்கானது.

“இஞ்சருங்கோ, உதை நிரப்பிக் குடுங்கோ. எல்லாரும் குடுக்கினம்.”

“அவன் காணாமப் போகேல்லை.”

“அப்ப எங்கை?”

“கடைசி ஆட்டம் முடியட்டும்.”

அன்ரனெற்றுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செலீனுக்கு விளங்கியது. படிவம் இரண்டு கிழமை குளிர்சாதனப் பெட்டியில், காந்தத்துக்குக் கீழே தொங்கியது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவளைப் பார்த்தது. பால் இல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் பழகினாள்.

வைகாசிக் கடைசி ஞாயிறு. பருவத்தின் கடைசி ஆட்டம். கொப்பியோடு வந்தார்.

“என்ன மாதிரி?”

“அப்பா, நுமான்சியா விழுந்திட்டுது.”

“பகிடி...”

“இண்டைக்கில்லை. முந்தியே விழுந்திட்டுது. நான்தான் பொய் சொன்னனான். பத்து ஆட்டந்தான் வெண்டது. இருபத்திமூண்டு தோல்வி.” கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து நீட்டினாள். “இதிலை எல்லாம் கிடக்கு. ஸொறி அப்பா.”

அவர் கட்டில் விளிம்பில் இருந்தார். ஒரு அறை விழுந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“வாசி,” என்றார்.

“எதை?”

“உண்மையை. ரெண்டாம் ஆட்டத்திலை இருந்து.”

அவள் கணினியைப் பார்த்து வாசித்தாள். அவர் ஒவ்வொரு வரியாக வெட்டிப் பக்கத்தில் எழுதினார். தோல்வி. தோல்வி. சமநிலை. தோல்வி. தைமாதப் பக்கத்தில், பார்சலோனாவில் போய் ஒன்றுக்கு ஒன்று என்று அவள் கட்டிவிட்ட இடம் வந்தது.

“நாலுக்கு ஒண்டு. தோல்வி.”

பேனை நின்றது.

“உந்த ஞாயிறுதான் கிளமென்ற் போன் எடுத்தவன்,” என்றார். “செல் விழுந்து வெடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. உதைச் சொன்னன். பார்சலோனாவிலை போய் மறிச்சிட்டம் எண்டு.”

செலீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிச்சவன். கோலுக்கு ஆர் நிண்டது எண்டு கேட்டவன். சொல்ல முதல் லைன் அறுந்துபோட்டுது.”

அவர் அந்த வரியை மட்டும் வெட்டவில்லை. உண்மையான எண்ணைப் பக்கத்தில் சின்னதாக எழுதினார். பிறகு மிச்சத்தையும் முடித்துவிட்டு முதற் பக்கத்துக்குத் திரும்பி, வெறும் வரியில் விரலை வைத்தார்.

“இது?”

“அது உண்மை அப்பா. ஒண்டுக்குப் பூச்சியம். அது மட்டும் அப்பவே சொன்னனான்.”

திரையைத் திரும்பிப் பார்க்காமலே எழுதினார்.

பேனையை மூடாமலே எழும்பிப் போய்ப் படிவத்தை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

“இங்கிலிஸிலை கிடக்கு. வாசி. பகிடி வேண்டாம்.”

அவள் வாசிக்க வாசிக்க அவர் நிரப்பினார். குடும்பப் பெயர். பிறந்த திகதி. அடையாளம்: இடக்கைச் சின்னிவிரல் மடங்காது, பந்து பட்டு முறிந்தது. அவள் ஒரு சொல்லையும் விடவில்லை.

“கடைசியாக் கதைச்ச திகதி,” என்றாள்.

அமிர்தநாதர் கொப்பியைத் தைமாதத்துக்குத் திருப்பி, வெட்டாமல் விட்ட அந்த வரியைத் தேடி எடுத்தார். அதன் ஓரத்தில் அன்றைக்கு அவரே குறித்திருந்த திகதியைப் பார்த்து எழுதினார். அந்த வரியில் செலீன் கை வைக்காதது அது ஒன்றுதான்.